கைலி நெய்யும் சாலையில் கோட்டு தைத்தவர்கள்: கடலூர் வட்டாரத் தையற்கலை குறித்து ஓர் ஆய்வு

கடலூரிலிருந்து விருத்தாசலம் போகும் சாலையில் இருக்கிறது குள்ளஞ்சாவடி. அதே சாலையில் மேற்கே போனால் கைத்தறிக் கைலிக்குப் பெயர்பெற்ற குறிஞ்சிப்பாடி, அதற்கும் அப்பால் நெய்வேலி. கிழக்கே, வெள்ளைக்காரக் கம்பெனி துணி வாங்கிக் கப்பலேற்றிய கடலூர்த் துறை. துணிக்குப் பஞ்சமே இல்லாத இந்த வட்டாரத்தில் நெய்த வேட்டிக்கும் புடவைக்கும் கைலிக்கும் கத்தரி பெரிதாகத் தேவைப்பட்டதில்லை. அப்படியிருந்தும் இங்கே கோட்டு நிலைத்ததற்கு ஆங்கிலேயர் மீதிருந்த மோகத்தையே காரணமாகச் சொல்வது வழக்கம். அது பாதி உண்மைதான். தைக்கத் தெரிந்த கைகள் முன்பே இருந்தன; அவற்றுக்குப் பட்டாளமும் அலுவலகமும் கல்யாணமும் அடுத்தடுத்து வேலை கொடுத்தன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தைத்த உடை தமிழருக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை புகார் நகரக் கைவினைஞர் வரிசையில் துன்னகாரர் எனப்பட்ட தையற்காரரையும் வைக்கிறது. பாசறையில் இருந்த யவனர் சட்டை அணிந்திருந்ததை முல்லைப்பாட்டு காட்டுகிறது. பிற்காலத்தில் மராத்தி பேசும் பாவசார், நாமதேவ் வகுப்பினரும் முஸ்லிம் தையற்காரர்களும் தமிழகத்தில் இத்தொழிலை வளர்த்தார்கள்.

1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கி, செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயரிட்டது. பருத்தித் துணி இங்கிருந்து போனது. இங்கிலாந்துக் கம்பளித் துணியான சகலாத்து அங்கிருந்து வந்தது. இந்த வெயிலில் அதை யார் வாங்குவார்? 1736இல் தொடங்கும் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் சகலாத்து மரியாதைப் பொருளாகவும் கைமாறுகிறது. தையற்காரருக்கு நிலையான வேலை தந்தது சென்னைப் பட்டாளத்தின் சிவப்புக் கோட்டுதான். ஒரே வெட்டில் பல உடல்களுக்குத் தைக்கும் பழக்கம் அங்கே வளர்ந்திருக்க வேண்டும்.

1857இல் சென்னைப் பல்கலைக்கழகமும் 1862இல் உயர்நீதிமன்றமும் வந்தபின் கோட்டு உள்ளூர் உத்தியோகஸ்தர் தோளில் ஏறியது. ஆனால் முழுசாக அல்ல: மேலே கழுத்து மூடிய கோட்டு, தலையில் தலைப்பாகை, இடுப்பில் வேட்டி. இதை அரைகுறை நாகரிகம் என்று ஒதுக்குவது தவறு. அலுவலகத்துக்கு எது வேண்டுமோ அதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்ட தெளிவு அதில் இருக்கிறது.

சிங்கர் தன் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றது 1851இல். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அது இந்தியாவுக்கு வந்துவிட்டது. 1930களில் கல்கத்தாவில் உஷா தையல் இயந்திரம் பிறந்தது. நீளத் தையலை மிஷின் எடுத்துக்கொண்டாலும், கோட்டின் உயிர் கைவேலையிலேயே இருந்தது. ஒரு தோள் சற்று இறங்கியிருக்கும்; சிலருக்கு முதுகு லேசாகக் கூனியிருக்கும். அளவு நோட்டில் இதையெல்லாம் குறித்துக்கொண்டுதான் மாஸ்டர் துணியில் சாக்பீஸ் வைப்பார். மேல்துணிக்கும் லைனிங்குக்கும் நடுவே கேன்வாஸ் வைத்து, காலர் மடியும் இடத்தில் மேலே தெரியாதபடி நூறு நூறாகச் சின்னத் தையல் போடுவார். காலர் தானாகவே மார்பில் படிவது அதனால்தான். பிறகு நூலோட்டம் மட்டும் போட்டு டிரையலுக்குக் கூப்பிடுவார். கையைத் தூக்கச் சொல்லி, அக்குளில் பிடிக்கிறதா என்று பார்ப்பார். உடம்பு பெருத்தால் பிரித்துவிட, உள்ளே துணி விட்டுவைப்பார். லண்டன் சாவில் ரோ கடைகளும் இதே வரிசையில்தான் வேலை செய்கின்றன.

1956இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் உருவானது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். மழையை நம்பிய ஊர்களுக்கு நடுவே மாதச் சம்பளம் வாங்கும் ஒரு நகரம் எழுந்தது. சம்பளக்காரருக்கு பேண்ட்டும் சட்டையும் அன்றாடத் தேவை. தையற்கடைக்குச் சோறு போட்டவை அவையே. கோட்டுக்கு இடம் கொடுத்தது கல்யாண வரவேற்பு. மாலையில் கோட்டு சூட்டு, மறுநாள் முகூர்த்தத்தில் பட்டு வேட்டி என்ற ஏற்பாடு இன்று தமிழ்நாடு முழுவதும் சடங்கு போலவே ஆகிவிட்டது. துரைமார் உடை மாப்பிள்ளை உடையானது இப்படித்தான்.

ரெடிமேட் கடைகளும் வாடகைக் கோட்டும் இந்த வேலையைக் குறைத்துவிட்டன. கைத்தையலுக்குப் பதிலாக, சூடேற்றினால் ஒட்டிக்கொள்ளும் பசைக் கேன்வாஸ் வந்துவிட்டது. விலை குறைந்தது நல்லதுதான். ஆனால் கோணலான தோளுக்கு ஈடுகட்டி வெட்டத் தெரிந்தவர்கள் அருகி வருகிறார்கள். தறிக்கும் நெசவுக்கும் ஆய்வுகள் உண்டு. கத்தரிக்கு இங்கே அந்தக் கவனம் கிடைக்கவில்லை. பழைய தையற்கடைகளின் அளவு நோட்டுகளும் காகித வெட்டுப் படிவங்களும் இந்த வட்டாரத்தின் உடை வரலாற்றுக்கு நேரடிச் சான்றுகள். கடை மூடும்போது அவை பழைய பேப்பர்காரரிடம் போகின்றன. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்குள்ள வரலாற்று மாணவர்கள் அவற்றைத் தேடிப் படியெடுத்து வைக்க வேண்டும்.