செய்வதா, வாங்குவதா?

நெடும்பயணத்துக்கான மோட்டார் சைக்கிளைத் தானே பட்டறையில் உருவாக்குவதா, ஆயத்தமாக உள்ளதை வாங்குவதா என்று நண்பரின் மகன் என்னிடம் கேட்டார். சேமிப்பு முழுவதும் அதற்கே போகிறதாம். செய்தி தேடிப் பழைய மோட்டார் சைக்கிளில் அலைந்தவன் என்பதால் என்னை நிபுணன் என்று எண்ணிவிட்டார் போலும். அவருக்கு ஒரு பழைய கதையைச் சொன்னேன்.

1974இல் ஜேர்மனியின் கொலோன் கண்காட்சியில் ஹொண்டா நிறுவனம் 'கோல்ட் விங்'கை அறிமுகப்படுத்தியது. 999 சிசி, நான்கு சிலிண்டர், நீரால் குளிரூட்டப்படும் இயந்திரம். பின்சக்கரத்தைச் சுழற்றச் சங்கிலிக்குப் பதிலாகச் சுழல்தண்டு. தூரப் பயணத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால், காற்றை மறைக்கும் முன்கவசமோ பயணப் பெட்டிகளோ அதில் இருக்கவில்லை. அவற்றை வாங்கியவர்களே தேடிப் பொருத்தினார்கள். அமெரிக்க வடிவமைப்பாளர் கிறெய்க் வெற்றரின் 'விண்ட்ஜாமர்' முன்கவசம் பலருடைய தெரிவாயிற்று. முழுமையாகச் செய்ததுமல்ல, வாங்கியபடியே ஓட்டியதுமல்ல. இரண்டுக்கும் இடைப்பட்ட வழி அது.

1980இல் முன்கவசமும் பெட்டிகளும் பொருத்திய 'இன்டர்ஸ்டேட்' வகையை ஹொண்டாவே வெளியிட்டது. ஓட்டுநர்கள் தம் காசில் செய்துபார்த்த பரிசோதனையின் பயனை நிறுவனம் அறுவடை செய்தது என்பதே என் கணிப்பு.

சொந்தமாகச் செய்த வண்டி அந்நிய ஊரில் பழுதானால் அதன் உட்சூட்சுமம் செய்தவருக்கே தெரியும். "தம்பி, இயந்திரத்தையும் சட்டகத்தையும் வாங்குங்கள், மற்றவற்றை முதற்பயணம் முடிந்தபின் தீர்மானியுங்கள்" என்றேன்.

அவர் முன்கவசத்தின் விலையை விசாரிக்கத் தொடங்கினார்.