எந்தையும் நடுகல்லும்

முன்னாள் படைவீரர் சங்கப் பொன்விழா மலருக்கு என் தந்தையாரைப் பற்றி எழுதித் தருமாறு விழாக்குழுப் பெரியவர்கள் பணித்தார்கள். அவர்கள் சொல்லைத் தட்ட முடியுமா? வேலூர் மாவட்டத்தில் வீட்டுக்கொரு பிள்ளையைப் படைக்கு அனுப்பும் ஊர்களின் பெருமையை இம்மலரைப் புரட்டுவோருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கல்லூரியில் தமிழ் நடத்திக்கொண்டே கல்வெட்டுகளின் பின்னால் அலைந்தவன் நான். அந்த வழியாகவே அப்பாவிடம் வருகிறேன்.

நடுகல் மரபு

போரில் பட்டவனுக்குக் கல்லெடுப்பதைத் தொல்காப்பியப் புறத்திணையியல் படிப்படியாக வகுக்கிறது. கல்லைத் தேர்வதில் தொடங்கி, நீராட்டி நட்டு வாழ்த்துவது வரை எல்லாம் அதில் உண்டு. வள்ளுவர் படைச்செருக்கு அதிகாரத்தைத் தொடங்குவதே கல்லாகி நின்றவர்களைக் காட்டித்தான். 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழி எழுத்துடன் நடுகற்கள் கிடைத்தன. ஒன்றில், ஆநிரை கவர்தலைக் குறிக்கும் 'ஆகோள்' என்ற சொல்லே இருந்தது. ஏட்டில் மட்டும் படித்து வந்த வெட்சிப் பூசல் மண்ணிலிருந்து எழுந்து வந்து சாட்சி சொன்னது.

எனக்கு உயிரான கல், செங்கம் வட்டாரத்து எடுத்தனூர்க் கல். மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. எருமைகளைக் காத்து மாண்ட வீரன் கருந்தேவகத்தி. உடன் ஒரு நாய், பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்துக் காவல் காத்ததாம். ஏறத்தாழ 1,400 ஆண்டுகளாக ஒரு நாயின் பெயர் அழியாமல் நிற்கிறது!

எந்தையார்

அப்பா மதராஸ் சாப்பர். 1780இல் தோன்றி, படையில் 'தம்பிகள்' என்று செல்லப்பெயர் பெற்ற பிரிவு அது. 1971 டிசம்பரில் ஷகர்கர் முனையில், பசந்தர் ஆற்றங்கரையில் நம் டாங்கிகளுக்காகக் கண்ணிவெடிகளுக்கு நடுவே வழி திறந்தவர்களில் அவரும் ஒருவர். அப்பணியில் உயிர்நீத்து மகாவீர் சக்கரம் பெற்ற மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரியின் பெயரை, படுத்திருந்தாலும் எழுந்து உட்கார்ந்துதான் சொல்வார்.

மற்றபடி போரைப் பேசமாட்டார். கொல்லையில் வாழைக்கன்று வைக்கும்போதுதான் அது வெளிப்படும். எடுத்தவுடன் கடப்பாரையை ஓங்கமாட்டார். மண்டியிட்டு, மெல்லிய இரும்புக் கம்பியைச் சாய்வாக மண்ணில் செலுத்தி, ஏதாவது தட்டுகிறதா என்று பார்ப்பார். "நேரா குத்தினா அதோட தலையில படும்டா. சாய்ச்சுக் குத்தினா விலாவுல தட்டும். அப்ப நீயும் பொழைப்ப, பின்னால வர்றவனும் பொழைப்பான்" என்றார் ஒருமுறை. "வாழைக்குழியில என்ன வெடியா இருக்கு?" என்று அம்மா சிரிப்பார்.

அதியமானின் நடுகல்லுக்குப் பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள் படைப்பதை எண்ணி ஔவையார் கலங்கும் புறப்பாட்டை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தியவன் நான். அப்பாவின் முதல் திதியில், இலைக்கு முன்னால் அவருடைய எனாமல் மக்கில் அம்மா டீ ஊற்றி வைத்தார். அதன் பிறகு அந்தப் பாட்டைக் குரல் கம்மாமல் என்னால் நடத்த முடிந்ததில்லை.

வேண்டுகோள்

களத்தில் பட்டவருக்குக் கல் நட்டது நம் மரபு. மீண்டு வந்து, நவம்பர்தோறும் உயிர்வாழ் சான்று கொடுத்து, கட்டிலில் கண்மூடியவருக்குக் கல் ஏது? நாயின் பெயரையும் விடாமல் பொறித்த மண் இது. இளைஞர்களே, உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டி மீது வெள்ளைப் பெயின்டில் எழுதியிருக்கும் படை எண்ணையும் பெயரையும் பிரிவையும் ஒரு நோட்டில் எழுதிச் சங்கத்தில் கொடுங்கள். நாள் தள்ள வேண்டாம். தகரம் கல்லல்ல, துருப்பிடிக்கும்.