கண்ணியும் முளையும்

புகையிரதத்தின் வரலாற்றை நாம் வகுப்பறையிற் கற்பிக்கும்போது, ஜோர்ஜ் ஸ்டீவன்சனின் பெயரைச் சொல்கிறோம். 1830இல் லிவர்பூலுக்கும் மான்செஸ்ரருக்கும் இடையே திறக்கப்பட்ட பாதையைச் சொல்கிறோம். 1869இல் யூற்றாவிலுள்ள புரொமன்ரறி என்னுமிடத்தில் பொன்னாணி அறைந்து, அமெரிக்கக் கண்டத்தின் இரு பக்கத்துப் பாதைகளையும் இணைத்த விழாவைச் சொல்கிறோம். கண்டுபிடிப்பாளரும் முதலீட்டாளரும் பாடநூல்களில் இடம்பெறுகின்றனர். பெட்டிகளை ஒன்றோடொன்று பிணைத்தோர் இடம்பெறுவதில்லை. அவர்களுள் எத்தனை பேர் கையை இழந்தனர், எத்தனை பேர் உயிரை இழந்தனர், அவ்விழப்பு பின்னர் எவ்வாறு குறைந்தது என்னும் வினாக்களை நாம் எழுப்புவதுமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நிகழ்ந்தவற்றை ஆராய்வோமாயின் இவ்வினாக்களுக்குத் தெளிவான விடை கிடைக்கும். தொழிலாளரின் உயிரைக் காக்கும் கருவி ஒன்று கண்டுபிடிக்கப்படுவது வேறு, அது தொழிலாளரின் கைக்கு வந்து சேர்வது வேறு என்பதை அவ்வரலாறு புலப்படுத்துகின்றது.

அக்காலத்துச் சரக்குப் பெட்டிகளை இணைக்கும் முறையை முதலில் விளங்கிக்கொள்ளல் வேண்டும். ஒவ்வொரு பெட்டியின் முனையிலும் இரும்பாலான ஒரு பொந்து இருக்கும். நீள்வட்டமான ஓர் இரும்புக் கண்ணியின் ஒரு முனை ஒரு பெட்டியின் பொந்தில் முளையினால் மாட்டப்பட்டிருக்கும். மற்றப் பெட்டி எஞ்சினால் தள்ளப்பட்டு அணுகிவரும் வேளையில், இரண்டுக்கும் நடுவே தொழிலாளி நிற்பான். தொங்கும் கண்ணியைக் கையாலே தூக்கிப் பிடித்து, வருகின்ற பெட்டியின் பொந்துக்குள் நுழைத்து, பெட்டிகள் மோதும் கணத்திற்கு முன் கையை இழுத்துக்கொண்டு, மேலிருந்து முளையை இறக்க வேண்டும். கை ஒரு கணம் தாமதித்தால் விரல் போகும். தண்டவாளத்திடையே கால் இடறினால் உயிரே போகும். இரவிலும், மழையிலும், பனி உறைந்த இரும்பைத் தொட்டும் இவ்வேலை நடைபெற்றது. வேலை தேடி வருவோனின் கையிலே விரல்கள் குறைந்திருப்பின், அதனையே அவனது அனுபவத்துக்குச் சான்றாக மேற்பார்வையாளர் கொள்வர் என்று கூறப்படுவதுண்டு.

வண்டியை நிறுத்தும் முறை இதனினும் கொடியது. சரக்குப் பெட்டி ஒவ்வொன்றின் கூரையிலும் கையாற் சுழற்றும் பிரேக் சக்கரம் ஒன்று இருந்தது. எஞ்சின் சாரதி ஊதல் ஒலி கொடுத்ததும், பிரேக்காரர் எனப்பட்ட தொழிலாளர் ஓடும் வண்டியின் கூரைமீது ஓடி, பெட்டிக்குப் பெட்டி தாவி, அச்சக்கரங்களை ஒவ்வொன்றாகச் சுழற்றினர். பனிக்கட்டி படிந்த கூரையிலிருந்து வழுக்கி விழுந்தோர் பலர். தாழ்ந்த பாலங்களில் தலை மோதுண்டு மாண்டோரும் பலர்.

1889ஆம் ஆண்டு டிசெம்பரில் ஜனாதிபதி பெஞ்சமின் ஹரிசன் கொங்கிரசுக்கு விடுத்த செய்தியில், 1888 ஜூனுடன் முடிவுற்ற ஓராண்டில் புகையிரத ஊழியருள் 2,000க்கு மேற்பட்டோர் பணியின்போது மாண்டனர் என்றும், 20,000க்கு மேற்பட்டோர் காயமுற்றனர் என்றும் தெரிவித்தார். பயனுள்ள தொழிலொன்றைச் செய்வோர் போர்க்களத்து வீரனுக்கு நேரும் ஆபத்துக்கு ஒப்பான ஆபத்தில் நிற்பது நாகரிகத்துக்கு இழுக்கு என்பது அவரது கருத்து. 1893இல் பெட்டிகளை இணைக்கையில் மட்டும் 400க்கு மேற்பட்டோர் இறந்தனர். 11,000க்கு மேற்பட்டோர் காயமுற்றனர்.

இத்துணை இழப்பையும் தடுக்கக்கூடிய கருவி அந்நாளில் இருக்கவில்லையா? இருந்தது. ஜோர்ஜ் வெஸ்ரிங்ஹவுஸ் 1869இலேயே காற்றழுத்தத்தால் இயங்கும் பிரேக்குக்கு உரிமம் பெற்றிருந்தார். சில ஆண்டுகளில் அதனை மேலும் திருத்தி, வண்டி நடுவே அறுந்தாலும் தானே பிரேக் விழும்படி செய்தார். வர்ஜினியா மாநிலத்து இலாய் ஜானி, இரு கைகளின் வளைந்த விரல்கள் ஒன்றையொன்று பற்றுவது போலப் பெட்டிகள் மோதியதும் தாமே பூட்டிக்கொள்ளும் இணைப்பியை அமைத்து, 1873இல் உரிமம் பெற்றார். ஆனால் ஹரிசன் மேற்சொன்ன செய்தியை விடுத்தபோது, ஜானியின் இணைப்பிக்குப் பதினாறு வயதும் வெஸ்ரிங்ஹவுசின் பிரேக்குக்கு இருபது வயதும் ஆகியிருந்தன. பயணிகள் வண்டிகளில் காற்றழுத்த பிரேக் பெரிதும் பரவியிருந்தது. தொழிலாளர் மட்டுமே செல்லும் சரக்கு வண்டிகளில் மிகப் பெரும்பாலானவை பழைய நிலையிலேயே இருந்தன. இவ்வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது.

கம்பனிகள் கூறிய காரணங்களில் ஓரளவு உண்மை இருந்தது என்பதை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஒரு கம்பனியின் பெட்டி இன்னொரு கம்பனியின் பாதையில் ஓடியது. ஒருவர் மட்டும் புதிய இணைப்பியைப் பொருத்தினால், அது மற்றவரின் பழைய பொந்துடன் பொருந்தாது. இரண்டையும் கையால் இணைக்க முயல்வோனுக்கு ஆபத்து முன்னிலும் அதிகமாகும். போட்டியிட்ட உரிமங்களும் எண்ணிறந்தவை. ஆனால் 1886இலும் 1887இலும் அயோவாவின் பேர்லிங்ரன் நகரில் நடத்தப்பட்ட பிரேக் சோதனைகள், நீண்ட சரக்கு வண்டிகளையும் காற்றழுத்தத்தால் நிறுத்தலாம் என்பதை இறுதியில் நிரூபித்தன. பெட்டி கட்டுவோரின் சங்கமும் 1887இல் ஜானியின் வகையைப் பொது அளவாக ஏற்றுக்கொண்டது. அதன் பின்னரும் எஞ்சிய தடை செலவு ஒன்றே. பல இலட்சம் பெட்டிகளுக்குக் கருவி பொருத்துவதற்குப் பெரும்பணம் வேண்டும். தொழிலாளியின் கை நசுங்கினால் கம்பனிக்குச் செலவு உண்டா? பெரும்பாலும் இல்லை. ஏன் இல்லை என்பதற்குரிய விடையை இயந்திரசாலையிற் காணமுடியாது. நீதிமன்றத்திலேதான் தேட வேண்டும்.

1837ஆம் ஆண்டு, பொஸ்ரன் - வூஸ்ரர் புகையிரதக் கம்பனியில் எஞ்சின் சாரதியாக இருந்த ஃபார்வெல் என்பவரின் கை விபத்தொன்றில் நசுங்கியது. பாதை மாற்றும் இடத்திலே இன்னொரு ஊழியர் செய்த தவறு அதற்குக் காரணம். அவர் 10,000 டொலர் நட்டஈடு கோரி வழக்கிட்டார். 1842இல் மசாச்சூசெற்ஸ் மாநிலப் பிரதம நீதியரசர் லெமுவெல் ஷோ வழக்கைக் கம்பனிக்குச் சாதகமாகத் தீர்த்தார். தொழிலாளி தானாக விரும்பி ஒப்பந்தஞ் செய்கிறான்; வேலையின் வழமையான ஆபத்துகளையும் அறிந்தே ஏற்கிறான்; அதற்கு ஈடாகவே அவனுக்குக் கூடிய கூலி கிடைக்கின்றது; உடன்தொழிலாளியின் கவனக்குறைவும் அத்தகைய ஆபத்துகளுள் ஒன்று என்பது தீர்ப்பின் சாரம். இங்கிலாந்திலும் 1837இல் இறைச்சிக் கடைக்காரர் ஒருவரின் வண்டி பற்றிய வழக்கில் இதற்கு ஒப்பான கொள்கை தலைகாட்டியிருந்தது.

ஏட்டளவில் இத்தர்க்கம் செம்மையாகவே தோன்றும். முதலாளியும் தொழிலாளியும் சம பலமுடைய இரு வணிகராக அங்கே காட்சியளிக்கின்றனர். ஆனால் வேலையை மறுத்தால் மறுநாட் சோற்றுக்கு வழியில்லாதவன் ஆபத்தை விரும்பி ஏற்றான் என்பது எவ்வகையில் உண்மையாகும்? நூற்றுக்கணக்கான மைல் நீளமான பாதையின் ஒரு கோடியில் நிற்கும் பிரேக்காரன், மறுகோடியில் நிற்கும் பாதைமாற்றியின் கவனத்தை எவ்வாறு மேற்பார்வை செய்வான்? இக்கொள்கையின் பொருளியல் விளைவு தெளிவானது. காயத்தின் செலவு காயமுற்றவனின் குடும்பத்தின்மீது விழுந்தது. அச்செலவு கம்பனியின் கணக்கேட்டில் ஏறாத வரையில், ஜானியின் இணைப்பி அக்கணக்கேட்டில் வீண் செலவாகவே தோன்றியது.

இந்நிலையை மாற்ற இரு திசைகளிலிருந்து முயற்சி எழுந்தது. முதலாவது, தொழிலாளர் தாமே கட்டிய சங்கங்கள். காப்புறுதிக் கம்பனிகள் இத்தகைய தொழிலாளரை ஏற்க மறுத்தன, அல்லது அவர்களால் இறுக்கமுடியாத தொகையைக் கேட்டன. ஆகவே எஞ்சின் சாரதிகளும், தீமூட்டுவோரும், பிரேக்காரரும் தத்தம் சகோதரத்துவச் சங்கங்களை நிறுவி, இறந்தவனின் மனைவி மக்களுக்கு உதவும் நிதியைத் திரட்டினர். பின்னாளில் அமெரிக்கச் சோசலிச இயக்கத்தின் தலைவராகிய யூஜின் டெப்ஸ், தீமூட்டுவோர் சங்கத்தின் செயலாளராகவே பொதுவாழ்வில் அறிமுகமானார். இச்சங்கங்களின் பெரும் குறையையும் நாம் மறைத்தல் ஆகாது. அவை கறுப்பினத் தொழிலாளரைச் சேர்த்துக்கொள்ள மறுத்தன. தென் மாநிலங்களில் அதே கண்ணியைப் பிடித்து அதே விரல்களை இழந்த பிரேக்காரருட் பலர் கறுப்பினத்தவர். அவர்களுக்கு அந்நிதியும் இல்லை, சங்கமும் இல்லை. உழைப்போரின் ஒற்றுமையை நிறவெறி எங்ஙனம் அரித்தது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

இரண்டாவது முயற்சி, லொரென்சோ கொஃபின் என்னும் அயோவா விவசாயியுடையது. 1874இல் ஒரு பிரேக்காரன் தன் கையில் எஞ்சியிருந்த இரு விரல்களையும் பெட்டிகளை இணைக்கும்போது இழந்ததை அவர் நேரிற் கண்டார். அன்று தொடங்கி அவர் ஓயவில்லை. பத்திரிகைகளுக்கு எழுதினார்; கம்பனி அதிகாரிகளின் கூட்டங்களில் வாதாடினார்; 1883இல் அயோவாவின் புகையிரத ஆணையாளராகிப் புள்ளிவிவரங்களைத் திரட்டினார். அதிகாரிகள் சிரித்தனர். ஆனால் பெட்டிகள் மாநில எல்லைகளைக் கடந்து ஓடியமையால் ஒரு மாநிலச் சட்டம் போதாது. சங்கங்களும் கொஃபினும் இணைந்து கொங்கிரசை நெருக்கினர்.

1893ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் திகதி, ஹரிசன் தம் பதவிக்காலத்தின் இறுதி நாட்களிற் பாதுகாப்புச் சாதனச் சட்டத்திற் கையொப்பமிட்டார். சரக்கு வண்டிகளை எஞ்சினிலிருந்தே நிறுத்தக்கூடிய பிரேக், ஆட்கள் நடுவே நுழையத் தேவையற்ற தானியங்கி இணைப்பி, பற்றிப்பிடிக்கும் கம்பிகள் ஆகியவை கட்டாயமாக்கப்பட்டன. ஆயினும் அச்சட்டத்தின் உயிர்நாடி அதன் எட்டாம் பிரிவிலே இருந்தது. சட்டத்துக்கு மாறான வண்டியினாற் காயமுற்ற தொழிலாளி, அக்குறையை அறிந்தே வேலையைத் தொடர்ந்தவனாயினும், ஆபத்தைத் தானே ஏற்றவனாகக் கருதப்படமாட்டான் என்று அது கூறிற்று. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஷோ எழுப்பிய சுவரில் விழுந்த முதற் பெரும் விரிசல்களுள் அது ஒன்று.

சட்டம் 1898 ஜனவரியில் நடைமுறைக்கு வரவேண்டும். கம்பனிகள் அவகாசம் கேட்டன. 1900 ஆகஸ்ட் 1ஆம் திகதிவரை அவகாசம் கிடைத்தது. அத்திகதிக்கு நான்கு நாட்களின் பின், ஆகஸ்ட் 5ஆம் திகதி, ஜோன்சன் என்னும் பிரேக்காரரிடம், எஞ்சினை ஓர் உணவுப் பெட்டியுடன் இணைக்குமாறு பணிக்கப்பட்டது. எஞ்சினில் ஜானியின் இணைப்பி. பெட்டியில் வேறொரு வகை இணைப்பி. இரண்டும் தானியங்கிகளே எனினும் ஒன்றோடொன்று பொருந்தாதவை. ஜோன்சன் நடுவே நுழைய நேர்ந்தது. நசுங்கிய கை மணிக்கட்டுக்கு மேலே துண்டிக்கப்பட்டது. இது நிகழ்ந்த இடம் புரொமன்ரறி. பொன்னாணி அறையப்பட்ட அதே புரொமன்ரறி.

கீழ் நீதிமன்றங்கள் அவரது கோரிக்கையை நிராகரித்தன. எஞ்சின் என்பது ‘பெட்டி’ ஆகாது. இரு முனையிலும் தனித்தனியே தானியங்கி இணைப்பி இருந்தாற் போதும். வெறுமையாக நின்ற உணவுப் பெட்டி மாநிலங்களிடை வாணிபத்தில் ஈடுபடவில்லை என்றெல்லாம் நியாயம் கூறப்பட்டது. 1904 டிசெம்பரில் மீயுயர் நீதிமன்றம் அவற்றைத் தள்ளிற்று. தொழிலாளி நடுவே செல்லும் தேவையை ஒழிப்பதே சட்டத்தின் நோக்கம். அந்நோக்கத்தைத் தோற்கடிக்குமாறு சொற்களுக்குப் பொருள் கொள்ளல் தகாது என்று அது தீர்த்தது. பணியாளரின் தொகை பெருகிச் சென்றபோதும், சட்டம் இயற்றப்பட்ட பத்தாண்டுகளுக்குள் பெட்டிகளை இணைப்போரிடையே மரணமும் காயமும் பாதிக்கும் கீழாகக் குறைந்தன. கம்பனிகளும் நட்டமடையவில்லை. புதிய பிரேக்கும் இணைப்பியும் வந்தபின் நீண்ட வண்டிகளை வேகமாக ஓட்டி அவை மேலும் இலாபம் ஈட்டின.

ஆனால் கருவி திருந்தினாற் போதுமா? அதனை இயக்குவோன் உறங்காதவனாயின் கருவி என்ன செய்யும்? 1866இல் இலண்டனில் மரண விசாரணை யூரியின் முன் நிறுத்தப்பட்ட மூன்று புகையிரதத் தொழிலாளரைப் பற்றிக் கார்ல் மார்க்ஸ் ‘மூலதனம்’ முதற் பாகத்திற் குறிப்பிடுகிறார். எட்டு மணியாக இருந்த தமது வேலைநேரம் சில ஆண்டுகளில் 14, 18, 20 மணியாக உயர்ந்தது என்றும், உல்லாசப் பயணக் காலங்களில் 40, 50 மணிவரை இடையறாது நீண்டது என்றும் அவர்கள் கூறினர். அமெரிக்காவிலும் இதே நிலைதான். அங்கே 1907இற் பிறந்த சட்டம் தொடர்ச்சியான வேலையை 16 மணிக்கு மட்டுப்படுத்திற்று. இன்று போதுமானதன்று எனத் தோன்றும் அவ்வெல்லையே அன்று ஒரு வெற்றி. மறு ஆண்டில் இயற்றப்பட்ட தொழில் கொள்வோர் பொறுப்புச் சட்டம், மாநிலங்களிடைப் புகையிரதங்களில் உடன்தொழிலாளியின் தவறு என்னும் கவசத்தைக் கம்பனிகளிடமிருந்து பறித்தது. அதே பெயரில் 1906இல் இயற்றப்பட்ட முதற் சட்டத்தை மீயுயர் நீதிமன்றம் 1908 ஜனவரியிற் செல்லாதாக்கியிருந்தது; அதே ஆண்டிலேயே அது திருத்தி இயற்றப்பட்டது என்பதும் கவனிக்கத்தக்கது.

இவ்வரலாறு முடிந்துவிட்டதன்று. 2022இல் அதே நாட்டின் சரக்குப் புகையிரதத் தொழிலாளர், நோயுற்ற நாளுக்குச் சம்பளத்துடன் விடுப்பு வேண்டும் என்று கோரி வேலைநிறுத்தத்தின் விளிம்புவரை சென்றனர். ஏழு நாள் விடுப்பை வழங்கும் தீர்மானம் கீழ்ச்சபையில் நிறைவேறியது. செனற் சபையில் 52 வாக்குகள் ஆதரவாகக் கிடைத்தும், வேண்டிய 60 கிடைக்காமையால் வீழ்ந்தது. வேலைநிறுத்தத்தைத் தடுத்து ஒப்பந்தத்தைத் திணிக்கும் சட்டமோ தாமதமின்றி நிறைவேறி, டிசெம்பர் 2ஆம் திகதி ஒப்பமிடப்பட்டது. அடுத்த ஆண்டில் சங்கங்கள் கம்பனிகளுடன் தனித்தனியே பேசித் தம் உறுப்பினருட் பெரும்பகுதியினருக்குச் சில நாள் விடுப்பைப் பெற்றன. காய்ச்சலோடு வண்டி செலுத்துவதன் செலவை யார் சுமப்பது என்பதே அங்கும் வினா.

பாதுகாப்பு என்பது அறிவியலின் வளர்ச்சியோடு தானாக வரும் கொடை என்றும், கவனமாயிருத்தல் தொழிலாளியின் கடமை என்றும் நாம் கேட்டுப் பழகிவிட்டோம். கண்ணியும் முளையும் வேறு பாடம் சொல்கின்றன. கவனமான தொழிலாளரின் கைகளும் இருபது ஆண்டுகளாக நசுங்கின. அக்காலம் முழுவதும் மாற்றுக் கருவி இருந்தது. காயத்தின் செலவு யாரைச் சாரும் என்பதைச் சட்டம் மாற்றியபோதே அக்கருவி எல்லா வண்டிகளுக்கும் வந்தது. அச்சட்டத்தைச் சங்கங்களின் நெருக்குதலும், விரலிழந்த கையைக் கண்டு வாளாவிருக்க மறுத்த ஒரு மனிதரின் விடாமுயற்சியுமே கொண்டுவந்தன. எமது மாணவருக்குக் கண்டுபிடிப்புகளின் ஆண்டுகளைச் சொல்லிக் கொடுக்கும்போது, 1873ஐ அடுத்து 1893ஐயும் எழுதுவோம். இவ்விரண்டுக்கும் இடையே கழிந்த இருபது ஆண்டுகள் ஏன் கழிந்தன என்று அவர்கள் கேட்கத் தொடங்குவார்களாயின், வரலாற்றுப் பாடம் தன் பயனை எய்தியதாகும்.