வளர்ச்சிக் குறைபாடு உடையோருக்கான மாநில நிதி: தமிழ்நாடும் எலவனாசூர்கோட்டை வட்டாரமும்

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் போன்றவை பிறப்பிலோ இளம் பருவத்திலோ தொடங்கி வாழ்நாள் முழுதும் நீடிப்பவை. இவை உள்ளவர்களின் பராமரிப்பு, பயிற்சி, கல்வி, மருத்துவம் ஆகியவற்றுக்காக அரசு செலவிடும் தொகை முழுவதையும் ஓரிடத்தில் காட்டும் கணக்குத் தலைப்பு தமிழ்நாட்டு வரவு செலவுத் திட்டத்தில் இல்லை. மாற்றுத்திறனாளிகள் நலம், வருவாய், பள்ளிக் கல்வி, மக்கள் நல்வாழ்வு, போக்குவரத்து என ஐந்து துறைகளின் மானியக் கோரிக்கைகளில் அது பிரிந்து கிடக்கிறது. பட்ஜெட் உரையில் ஒலிக்கும் ஒற்றை எண்ணை வைத்து மதிப்பிடுவோர் பெரும்பாலும் பாதிக் கணக்கைத்தான் பார்க்கிறார்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனித்துறை 2010இல் அமைந்தது. 2025-26ஆம் ஆண்டுக்கு அதற்கு ஒதுக்கப்பட்டது 1,400 கோடி ரூபாய்க்கும் அதிகம். அதே ஆண்டில் நாடு முழுமைக்கும் ஒன்றிய அரசின் மாற்றுத்திறனாளிகள் துறை பெற்ற ஒதுக்கீடு 1,275 கோடி. ஒரு மாநிலத் துறையின் தொகை ஒன்றியத் துறையின் தொகையை விஞ்சி நிற்கிறது. ஆனால் மாநிலத்தின் தொகையில் உலக வங்கிக் கடனில் நடக்கும் திட்டமும் அடக்கம்.

இடமும் எண்ணிக்கையும்

எலவனாசூர்கோட்டை, உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், தியாகதுருகத்துக்கு முன்னால் உள்ள ஊர். சோழர் காலக் கல்வெட்டுகள் கொண்ட சிவன் கோயிலால் அறியப்பட்டது. 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில் அடங்கியது. மாவட்டத்தின் மேற்கு எல்லையில் கல்வராயன் மலை. அங்கே பெரும்பான்மையினர் மலையாளிப் பழங்குடியினர்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 11,79,963 மாற்றுத்திறனாளிகள் பதிவாயினர். அப்போது கள்ளக்குறிச்சி என்ற மாவட்டமே இல்லை. அந்தக் கணக்கெடுப்பில் ஆட்டிசத்துக்குத் தனிப் பிரிவும் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றது. பழைய கணக்கெடுப்பு கேட்டது 8 வகைகளை மட்டுமே. எனவே மாவட்டத்தின் தேவை, எத்தனை பேர் அடையாள அட்டை பெற்றிருக்கிறார்கள் என்பதைக் கொண்டே கணிக்கப்படுகிறது. அட்டை வாங்க வராதவர் கணக்கிலும் வருவதில்லை.

அட்டை வாங்குவதும் எளிதல்ல. கை கால் குறைபாடு என்றால் மருத்துவர் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். அறிவுசார் குறைபாட்டுக்கு நுண்ணறிவுச் சோதனையும் சமூக முதிர்ச்சி அளவுகோலும் வேண்டும். ஆட்டிசத்துக்குத் தனி அளவுகோல். இவற்றைச் செய்யத் தேர்ந்த உளவியலாளரும் மனநல மருத்துவரும் தேவை. சிறு குழந்தைக்குத் தரும் சான்று தற்காலிகமானது. வயது ஏறும்போது மறுமதிப்பீடு செய்ய வேண்டும். இந்த வட்டாரத்துக்குப் பல காலம் பெரிய அரசு மருத்துவமனை என்றால் அது விழுப்புரம் அருகே உள்ள முண்டியம்பாக்கம்தான். கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்ட பதினொன்றில் ஒன்று. நெடுஞ்சாலையோர எலவனாசூர்கோட்டைக்கு அதனால் தூரம் குறைந்தது. கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையிலிருந்து வரும் தாய்க்கோ, கச்சிராயபாளையம் வழியாக மலையிறங்கிய பிறகுதான் பயணமே பாதியாகிறது.

கைக்கு வரும் பணம்

வளர்ச்சிக் குறைபாடு உடையோருக்காக மாநிலம் செய்யும் செலவில் குடும்பங்கள் நேரடியாக உணர்வது பராமரிப்பு உதவித்தொகை. அறிவுசார் குறைபாடு 40 விழுக்காடு இருந்தாலே இதற்குத் தகுதி; கடும் உடற்குறைபாட்டுக்கு வரம்பு 75 விழுக்காடு. மாதம் 2,000 ரூபாய் வங்கிக் கணக்கில் சேரும். வருவாய்த் துறை வழங்கும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் வேறு. ஒருவரே இரண்டையும் பெற முடியாது. அந்த ஓய்வூதியம் 2023 ஜனவரி முதல் 1,500 ரூபாய்.

இந்த 1,500ஐ உரசிப் பார்க்க ஒரு சட்டக் கணக்கு உண்டு. ஒத்த திட்டங்களில் பிறருக்குக் கிடைப்பதைவிடக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாக மாற்றுத்திறனாளிகளுக்குத் தர வேண்டும் என்கிறது 2016 சட்டத்தின் 24ஆம் பிரிவு. தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயானது. அதோடு கால் பங்கைச் சேர்த்தால் சரியாக 1,500. சட்டம் சொன்ன கீழ்வரம்பில் ஒரு ரூபாய் குறையவில்லை, கூடவும் இல்லை. முதியோர் தொகை அடுத்து எப்போது உயர்ந்தாலும் இதுவும் உயர்ந்தாக வேண்டும்.

ஒன்றிய அரசின் பங்கு இதனினும் சிறியது. இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத்தில் அது தருவது மாதம் 300 ரூபாய். அதுவும் வறுமைக் கோட்டுக்குக் கீழே 80 விழுக்காட்டுக் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும். ஆந்திரப் பிரதேசம் 2024 ஜூலையில் தன் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தை 3,000இலிருந்து 6,000 ரூபாயாக்கியது. அதன் பிறகு தமிழ்நாட்டு மாற்றுத்திறனாளிகள் சங்கங்களின் போராட்டங்களில் அண்டை மாநிலத்து எண்தான் முதற்கோரிக்கை.

பிள்ளைக்கு 18 வயது ஆனதும் இன்னொரு காரியமும் உண்டு. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு ஆகிய நான்குக்குமான 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்கும். இதே அறக்கட்டளையின் ‘நிராமயா’ காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கிறது; பேச்சுப் பயிற்சி, இயன்முறைச் சிகிச்சை போன்றவையும் இதில் அடங்கும். கிராமப்புறங்களில் இதன் பெயரே பலர் காதில் விழுந்ததில்லை என்பதுதான் வருத்தம்.

பணம் வாங்கித் தர முடியாதவை

வளர்ச்சிக் குறைபாட்டின் இயல்பே தொடர் பயிற்சியைக் கேட்பது. மூன்று வயதுப் பிள்ளைக்கு வாரந்தோறும் பேச்சுப் பயிற்சி வேண்டும். முப்பது வயதுக்காரருக்குப் பகல் நேரத்தில் போய் இருக்கவும் வேலை பழகவும் ஓரிடம் வேண்டும். இவற்றைப் பெரும்பாலும் அரசு நேரடியாக நடத்துவதில்லை. ஆறு வயதுக்குட்பட்டோருக்கான ஆரம்பநிலைப் பயிற்சி மையங்கள், அறிவுசார் குறைபாடுடையோருக்கான இல்லங்கள் முதலியவற்றைத் தொண்டு நிறுவனங்கள் நடத்த, அரசு உணவுக்கும் பணியாளர் ஊதியத்துக்கும் மானியம் தருகிறது. ஒன்றிய அரசின் தீனதயாள் மறுவாழ்வுத் திட்டத்தின் வழியும் இதுவே.

இந்த முறைக்குத் தமிழ்நாட்டில் நல்ல முன்னோடிகள் உண்டு. 1981இல் தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் தொடங்கிய அமர் சேவா சங்கம், கிராமத்துப் பெண்களையே களப்பணியாளராகப் பழக்கி வீட்டுக்கே பயிற்சியை அனுப்பியது. ஆனால் மானியம், நிறுவனம் இருக்கும் ஊரைத் தேடித்தான் போகும். திறமையான நிறுவனம் முளைக்காத வட்டாரத்துக்குப் பட்ஜெட்டில் பணம் இருந்தும் வந்து சேர வழியில்லை. கல்வராயன் மலை போன்ற இடங்கள் இந்த அமைப்பில் தாமாகவே விடுபட்டுப் போகின்றன. இதை நிதிப் பற்றாக்குறை என்பதைவிட வழங்கும் முறையின் குறை என்பதே பொருந்தும். நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் துணையாளருக்கும் 2021 முதல் கட்டணமில்லாப் பயணம் உண்டு. பயிற்சி மையம் பேருந்து போகும் தொலைவில் இருந்தால்தான் அந்தச் சலுகை உதவும்.

கலிபோர்னியாவில் 1969இல் இயற்றப்பட்ட லான்டர்மன் சட்டம் இதற்கு நேர் எதிரான வழியில் போனது. வளர்ச்சிக் குறைபாடு உள்ள ஒவ்வொருவருக்கும் தனித் திட்டம் எழுதப்படும். அதில் எழுதிய சேவைக்கு மாநிலம் பணம் தந்தாக வேண்டும். மாநிலம் முழுவதையும் 21 வட்டார மையங்கள் பங்கிட்டுக்கொண்டுள்ளதால், எந்த மையத்துக்கும் உட்படாத ஊர் கிடையாது. தமிழ்நாட்டில் சட்டம் பொதுவான உரிமையைச் சொல்கிறது. யாருக்கு எந்தச் சேவை, எவ்வளவு என்பதை அரசாணைகள் தீர்மானிக்கின்றன.

பள்ளியில்

பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கான செலவு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வருகிறது. ஒன்றியமும் மாநிலமும் 60:40 என்ற விகிதத்தில் ஏற்கும் இத்திட்டத்தில் சிறப்புக் கவனம் தேவைப்படும் ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை அனுமதி. வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் பள்ளிகளுக்கும், வர முடியாத பிள்ளைகளின் வீடுகளுக்கும் செல்கிறார். தொடக்கப் பள்ளியில் இத்தகைய 10 பிள்ளைகளுக்கு ஒருவர், நடுநிலையில் 15 பேருக்கு ஒருவர் என்ற அளவை ஒன்றிய அரசு 2022இல் வகுத்தது. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கச் சொல்லும் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் மாநிலம் கையெழுத்திடாததால், ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் 2024-25க்கான சுமார் 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தியபோது, மாநிலம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தேசியக் கல்விக் கொள்கை பற்றிய அந்தச் சண்டைக்கும் வீட்டில் படுத்திருக்கும் பிள்ளைக்கும் தொடர்பில்லை. ஆனால் அப்பிள்ளையைத் தேடிவரும் பயிற்றுநரின் ஊதியம் அதே திட்டத்தில்தான் இருக்கிறது.

உரிமைகள் திட்டம்

வழங்கும் முறையின் குறையைச் சரிசெய்ய எடுக்கப்பட்ட பெரிய முயற்சி, சுமார் 1,763 கோடி ரூபாய் மதிப்பிலான ஆறாண்டு ‘உரிமைகள்’ திட்டம். 2022 ஜூனில் உலக வங்கி இதற்கு 16.2 கோடி டாலர் கடன் ஒப்புதல் அளித்தது. வீடு வீடாகக் கணக்கெடுப்பு, உட்கோட்ட அளவில் ‘விழுதுகள்’ என்னும் ஒருங்கிணைந்த சேவை மையங்கள், பயிற்சிக் கருவிகளோடு ஊர்களுக்குச் செல்லும் ஊர்திகள், களப்பணியாளர்கள் ஆகியவை இதன் கூறுகள். நிறுவனம் இருக்கும் ஊருக்கு மானியம் என்பது மாறி, ஊர் இருக்கும் இடத்துக்குச் சேவை என்ற முறை இதில் வருகிறது.

2025 ஏப்ரலில் நிறைவேறிய சட்டத் திருத்தங்கள் ஒவ்வொரு உள்ளாட்சி மன்றத்திலும் மாற்றுத்திறனாளி ஒருவரை நியமன உறுப்பினராக்க வழிசெய்தன. ஊர்தி எந்த நாளில் எங்கே நிற்க வேண்டும் என்று ஊராட்சியிலேயே பேச இதனால் இடமுண்டு. கடனால் கட்டடமும் ஊர்தியும் வாங்கியாகிவிடும். இயன்முறைச் சிகிச்சையாளர், பேச்சுப் பயிற்சியாளர் ஆகியோரின் ஊதியம் ஆண்டுதோறும் வரும் செலவு. திட்டக் காலம் முடிந்தபின் அது மாநிலத்தின் சொந்த வருவாய்க் கணக்குக்கு மாற்றப்பட வேண்டியிருக்கும்.