எண்ணெய், காடி, உப்பு

எள்ளிலிருந்து எடுத்த நெய் எண்ணெய். இதை நம்மில் பலருக்குத் தமிழாசிரியர் ஒருவர் சொல்லித் தந்திருப்பார். நான் படித்தது பிரஞ்சு வழிப் பள்ளி. அங்கே இலத்தீன் வேர்ச்சொற்களைப் பற்றிச் சொல்லும்போது வேறொரு கதை சொன்னார்கள். எண்ணெய்க்குப் பிரஞ்சில் 'உய்ல்', ஆங்கிலத்தில் 'ஆயில்'. இரண்டும் 'ஒலெயும்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. 'ஒலெயா' என்றால் ஆலிவ் மரம். அதாவது அவர்களுக்கு எண்ணெய் என்றாலே ஆலிவ்தான், நமக்கு எண்ணெய் என்றாலே எள்தான்.

நாம் 'தேங்காய் எண்ணெய்' என்று சொல்லும்போது, சொல்லுக்குச் சொல் பார்த்தால், தேங்காயிலிருந்து எடுத்த எள் நெய் என்கிறோம். பிரஞ்சுக்காரர் நல்லெண்ணெயை 'உய்ல் த செசாம்' என்னும்போது, எள்ளிலிருந்து எடுத்த ஆலிவ் எண்ணெய் என்கிறார். மண்ணெண்ணெயிலும் எள் ஒளிந்திருக்கிறது, பெட்ரோலியத்திலும் ஆலிவ் ஒளிந்திருக்கிறது. தம் ஊரில் விளைந்ததையே உலகத்துக்கெல்லாம் பொதுப்பெயராக வைத்துவிட்டார்கள் இரு தரப்பு மூதாதையரும்.

இந்தப் பழைய பாடம் எனக்கு மறுபடி நினைவுக்கு வந்தது ஆரோவில் பக்கத்தில். குயிலாப்பாளையம் போகிற சாலையில் வெளிநாட்டு உணவுப் பொருள் விற்கும் சிறிய கடை ஒன்று. என் துணைவியாருக்குக் கோதுமை ரொட்டி வேண்டும் என்று உள்ளே போனோம். ஒரு சுவர் முழுக்க ஆலிவ் எண்ணெய்ப் புட்டிகள். இத்தாலி, ஸ்பெயின், கிரீஸ், துனிசியா. இன்னொரு தட்டில் கறுப்பாக, மருந்துப் புட்டி போலச் சிறியதாக, 'பால்சாமிக்' காடி. நம் தலைமுறைக்கு ஆலிவ் எண்ணெய் என்றால் மருந்துக்கடையில் குழந்தைக்குத் தேய்க்க வாங்கும் சின்ன டின். இங்கே அதைக் கிண்ணத்தில் ஊற்றி, ரொட்டித் துண்டைத் தோய்த்து, சுவைத்துப் பார்க்கச் சொன்னார்கள்.

கடையிலிருந்த பெண் சொல்லித் தந்தபடி சுவைத்தேன். முதலில் பச்சைப் புல் வாசம், பிறகு லேசான கசப்பு, கடைசியில் தொண்டையில் மிளகு போல ஒரு காரம். அந்தக் காரம் கெட்டுப்போனதன் அடையாளமல்ல, நல்ல புது எண்ணெயின் அடையாளம். ஒலியோகாந்தல் என்ற பொருளால் அது வருகிறது. வலி நிவாரணியான இபுப்ரோஃபென் செய்கிற வேலையை இதுவும் ஓரளவு செய்கிறது என்று 2005இல் விஞ்ஞானிகள் கண்டார்கள்.

நாற்பது வருடம் கோப்பு படித்த கண் சும்மா இருக்குமா? புட்டிகளின் ஒட்டுத்தாள்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். எந்த ஊர்த் தோட்டம், எந்த வகைக் காய், எந்த வருட அறுவடை, எல்லாம் அச்சிட்டிருந்தது. 'எக்ஸ்ட்ரா வெர்ஜின்' என்று போட வேண்டுமானால் எண்ணெயிலுள்ள அமிலம் நூற்றுக்கு 0.8 பங்கைத் தாண்டக் கூடாது. சூடேற்றிப் பிழியக் கூடாது. 27 பாகைக்கு மேல் போனால் 'குளிர்முறையில் எடுத்தது' என்று ஐரோப்பாவில் எழுத முடியாது. வெளிச்சம் பட்டால் கெடும் என்பதால்தான் கறுப்புப் புட்டி.

துணைவியார் ரொட்டியை மென்றபடி மெதுவாகக் கேட்டார்: "ஏங்க, நம்ம நல்லெண்ணெய்க்கு என்ன குறைச்சல்?"

குறைச்சல் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இரண்டாயிரம் வருடம் பின்னால் போக வேண்டும்.

இந்தக் கடற்கரைக்கு ஆலிவ் எண்ணெய் புதிதல்ல. புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. நம் ஊர்க் கல்லூரிப் பேராசிரியர் ழூவோ-துப்ரேய் 1930களின் கடைசியில் அந்த இடத்தின் முக்கியத்துவத்தைக் கண்டார். 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தார், பிறகு பிரஞ்சு அறிஞர் கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர். மண்ணுக்குள் கிடைத்தவற்றில் இரண்டு கைப்பிடி வைத்த உயரமான சாடிகளின் ஓடுகளும் உண்டு. ஆம்போரா என்பார்கள். அந்த ஓடுகளை எலிசபெத் லைடிங் வில் என்ற அமெரிக்க அறிஞர் பிரித்துப் பார்த்தார். பெரும்பாலானவை திராட்சை மது வந்த சாடிகள். ஆனால் ஸ்பெயினிலிருந்தும், அட்ரியாட்டிக் கடலோரத்து இஸ்திரியாவிலிருந்தும் ஆலிவ் எண்ணெய் வந்த சாடிகளும் அவற்றில் இருந்தன. மீன் ஊறிய உப்புச்சாறு வந்த சாடிகளும் இருந்தன.

நம் மரக்காணமும் இந்தக் கணக்கில் சேரும். கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலான 'பெரிப்ளூஸ்' இந்தக் கரையில் கமரா, பொதுகே, சோபட்மா என்று மூன்று துறைமுகங்களைச் சொல்கிறது. பொதுகே அரிக்கமேடு என்பது பொதுவான கருத்து. சோபட்மாவை ஆய்வாளர் பலர் மரக்காணம் என்கிறார்கள். 'சோ' என்றாலும் மதில், 'எயில்' என்றாலும் மதில். ஆகவே சோப்பட்டினமும் சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினமும் ஒன்றே என்பது அவர்கள் வாதம். மரக்காணம் பூமீசுவரர் கோயில் கல்வெட்டுகளும் அவ்வூரை எயிற்பட்டினம் என்றே குறிக்கின்றன.

யவனர் கொண்டுவந்த மதுவைப் புறநானூறு பாடியது. அவர்கள் எண்ணெயோ நம் சமையலில் நிற்கவில்லை. காரணம் எளியது. ஆலிவ் மரம் பூத்துக் காய்க்கக் குளிர்காலம் வேண்டும். மார்கழியிலும் மின்விசிறி போடுகிற நம் கடற்கரையில் அது காய்க்காது. இங்கே எள் விளைந்தது, வீதிக்கு வீதி செக்கு ஓடியது. எள்ளோடு கருப்பட்டி போட்டு ஆட்டும் கைப்பக்குவம் நம்மிடம் இருந்தது. செக்குக்கு வரி வாங்கிய அரசர்கள் அதற்குச் 'செக்கிறை' என்று பெயரிட்டுக் கல்லில் வெட்டினார்கள். வரி போடும் அளவுக்கு ஒரு தொழில் ஓடியது என்றுதானே பொருள்!

ஆனாலும் ஆலிவ் எண்ணெய் ஒரு வாசல் வழியாக வந்துகொண்டே இருந்தது. அது கோயில் வாசல். கத்தோலிக்கத் திருச்சபையில் ஞானஸ்நானத்துக்கும் உறுதிபூசுதலுக்கும் பூசும் கிறிஸ்மாத் தைலம் ஆலிவ் எண்ணெயும் பால்சம் என்ற வாசனைப் பிசினும் கலந்தது. அது கிடைக்காத நாடுகளில் மற்றத் தாவர எண்ணெயும் ஆகலாம் என்று உரோமை அனுமதித்தது 1970இல்தான். தமிழ் வேதாகமம் படிப்பவர்களுக்கு அது 'ஒலிவ எண்ணெய்'. நம் முஸ்லிம் நண்பர்களுக்கு 'சைத்தூன்'. கண்ணால் மரத்தைப் பார்க்காமலே பெயரை அறிந்திருந்தோம்.

இனி காடி. 'வினேக்ர்' என்ற பிரஞ்சுச் சொல்லைப் பிரித்தால் 'வேன்' மது, 'ஏக்ர்' புளிப்பு. புளித்துப்போன மது. நமக்குக் காடி என்றால் புளித்த கஞ்சி. ஒவ்வொருவரும் தம் வீட்டில் எது புளித்ததோ அதன் பெயரை வைத்தார்கள். சிலுவையில் தொங்கியவருக்கு உரோமைப் போர்வீரர் கொடுத்த புளித்த மதுவை நம் மொழிபெயர்ப்பாளர்கள் காடி என்றே எழுதினார்கள். எண்ணெய்க்கு நடந்த அதே கதை.

பால்சாமிக் காடியில் பால்சம் கிடையாது. மருந்து போல இதம் தரும் என்பதால் அந்தப் பெயர். இத்தாலியில் மொதெனா, ரெஜ்ஜோ எமிலியா பகுதிகளில் செய்கிறார்கள். திராட்சைச் சாற்றைப் பெரிய பாத்திரத்தில் காய்ச்சிச் சுண்ட வைக்கிறார்கள், நாம் பதநீரைக் காய்ச்சுவது போலவே. பிறகு பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாய் வைத்த மரப் பீப்பாய்களில், வீட்டு மச்சில், கோடை வெயிலும் குளிரும் படும்படி விட்டுவிடுவார்கள். வருடம் ஒருமுறை கடைசிப் பீப்பாயிலிருந்து கொஞ்சம் எடுத்து, குறைந்ததை அதற்கு முந்தியதிலிருந்து நிரப்புவார்கள். பாரம்பரிய முறையில் செய்தது என்று சொல்லக் குறைந்தது 12 வருடம் ஆக வேண்டும். உயர்ந்த தரத்துக்கு 25 வருடம். பெண் குழந்தை பிறந்தால் ஒரு வரிசை பீப்பாய் தொடங்கிச் சீராகக் கொடுக்கும் வழக்கமும் அங்கே உண்டு.

கடையில் மலிவாக இருந்ததும் மொதெனாப் பெயரோடுதான் இருந்தது. ஒட்டுத்தாளைப் படித்தால் வேறுபாடு தெரியும். அது காய்ச்சிய சாறும் மதுக் காடியும் கலந்தது, 60 நாள் வைத்திருந்தால் போதும். 60 நாளுக்கும் 12 வருடத்துக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அங்கே சட்டம் காக்கிறது. 12 வருடச் சரக்கு ஒரு புட்டியின் விலையில் எங்கள் வீட்டு ஒரு மாத மளிகை வந்துவிடும். துணைவியார் அதை எடுத்த இடத்திலேயே பத்திரமாக வைத்தார்.

நம் பக்கத்தில் காடிக்கு என்ன ஆயிற்று? பனையும் தென்னையும் நிறைந்த கரை இது. கள் புளித்தால் தானே காடியாகும். கோவாவிலும் இலங்கையிலும் அதை வைத்தே சமைக்கிறார்கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. புதுவையில் தடை இல்லை. ஆனாலும் நம் மளிகைக் கடையில் கிடைக்கும் மலிவு வினிகர் பெரும்பாலும் அசிட்டிக் அமிலத்தில் தண்ணீர் கலந்தது. 'செயற்கை' என்று ஒட்டுத்தாளில் போட வேண்டும் என்பது விதி. அந்தச் சிற்றெழுத்தை எத்தனை பேர் படிக்கிறோம்?

எண்ணெயும் காடியும் வாங்கியபின் மூன்றாவதாக உப்பு. எங்கள் பிரஞ்சு வீட்டுப் பாடத்தில் 'வினெக்ரெத்' என்றால் மூன்று பங்கு எண்ணெய், ஒரு பங்கு காடி, ஒரு சிட்டிகை உப்பு. கடைக்காரப் பெண் கண்ணாடிப் புட்டி ஒன்றை எடுத்துக் காட்டினார். பிரான்சின் மேற்குக் கடற்கரையிலுள்ள கெராந்த் உப்பு. 'ஃப்ளேர் த செல்', உப்புப் பூ. பாத்தியில் நீரின் மேல் மெல்லிய ஆடையாகப் படிவதைக் கையால் வழித்து எடுப்பது. 2012 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு அதற்கு இருக்கிறது.

"நீ எந்த ஊரும்மா?" என்று கேட்டேன்.

"அனுமந்தைங்க ஐயா. எங்க அம்மா மரக்காணம் அளத்துலதான் வேல செய்யறாங்க."

"அந்த உப்பு இங்க இல்லையா?"

சிரித்தார். "அத யாருங்க ஐயா புட்டியில வாங்குவாங்க? மூட்டைக்குப் பேரே இல்லியே."

அந்தப் பதில் என்னை விடவில்லை. ஏனென்றால் இந்தக் கரையின் உப்புக்குப் பெயர் இல்லாமல் போனதில் அரசாங்கத்துக்கும் பங்கு உண்டு. சென்னை மாகாணத்தில் 1805இல் கும்பெனி உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. எந்த அளத்தில் யார் விளைவித்தாலும் சர்க்கார் உப்பு என்ற ஒரே பெயர். பிரஞ்சுப் பகுதியில் விளையும் உப்பு எல்லை தாண்டி வந்தால் என்ன செய்வது? 1815 மார்ச் 7ஆம் தேதி இலண்டனில் ஓர் உடன்படிக்கை ஆயிற்று. பிரஞ்சுப் பகுதி உப்பை வாங்கும் தனி உரிமை ஆங்கிலேயருக்கு, பதிலாகப் பிரான்சுக்கு வருடம் 4 இலட்சம் சிக்கா ரூபாய். 1818இல் இன்னொரு உடன்படிக்கை. உப்பு விளைவிப்பதையே நிறுத்துவது, அளக்காரர்களுக்கு ஈடாக வருடம் 4,000 வராகன். புதுச்சேரியில் இன்று 'உப்பளம்' என்ற பகுதிக்குப் போனால் விளையாட்டரங்கமும் வீடுகளும் இருக்கின்றன. உப்பின் பெயர் மட்டும் ஊரில் தங்கிவிட்டது.

மரக்காணத்தில் கதை நேர் எதிர். அங்கே உப்பு தங்கியது, பெயர் தங்கவில்லை. கழிநீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி, வெயிலில் சுண்ட வைத்து, வாரிக் குவித்து, பெண்கள் தலையில் சுமந்து கரை சேர்ப்பது இன்றும் நடக்கிறது. மழை தொடங்கினால் வேலை இல்லை. கெராந்தில் நடப்பதும் அடிப்படையில் இதே வெயில், இதே காற்று, இதே கைவேலைதான். அங்கே விளைவிப்பவர்கள் சேர்ந்து ஊரின் பெயரைக் காப்பாற்றினார்கள். பெயர் விலையைக் காப்பாற்றியது. இங்கே விலையை மூட்டை கட்டுபவர் சொல்கிறார்.

வெளிநாட்டு எண்ணெய் வாங்குவதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நானும் ஒரு சின்னப் புட்டி வாங்கினேன், தக்காளி சாலட்டுக்கு நன்றாகவே இருக்கிறது. தோசைக்கு நல்லெண்ணெயை விட்டுக்கொடுக்க மாட்டேன். நான் சொல்ல வருவது அந்த ஒட்டுத்தாளைப் பற்றி. எந்த ஊர், எந்த வருடம், எப்படி எடுத்தது என்று சொல்லும் அந்த நாலு வரியில் ஒரு விவசாயியின் கூலி இருக்கிறது. நம்மாலும் இது முடியும். பக்கத்து வில்லியனூர் சுடுமண் பொம்மைக்கும் திருக்கனூர் காகிதக்கூழ்க் கைவினைக்கும் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறோம். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் கிடைத்தது.

நம் வயதில் போராட்டம் நடத்த முடியாது. கடையில் கேள்வி கேட்க முடியும். இந்த நல்லெண்ணெய் எந்தச் செக்கில் ஆட்டியது? இந்தக் கல்லுப்பு எந்த அளத்து உப்பு? பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் மொத்த வியாபாரியைக் கேட்பார். அவர் அளக்காரரைக் கேட்பார். சாக்கின் மேல் 'மரக்காணம்' என்று மையால் எழுதக் கூடுதலாக ஒரு பைசா கூட ஆகாது.