இந்தியச் சோதிடத்தின் அடிப்படைகள்: ஓர் ஐயவாதியின் நோக்கு

சோதிடத்தைப் பற்றிப் பேசுமிடத்து, அது பலிக்குமா பலிக்காதா என்ற வினாவே பெரும்பாலும் எழுப்பப்படுகின்றது. நம்புவோர் பலித்தவற்றை எடுத்துக்காட்டுவர்; நம்பாதோர் பொய்த்தவற்றை எடுத்துக்காட்டுவர். இவ்விவாதம் முடிவின்றி நீள்வதற்குக் காரணம், அதற்கு முன்னர் கேட்கப்படவேண்டிய பிறிதொரு வினா கேட்கப்படாமையேயாகும். சிம்மராசிக்கு அதிபதி சூரியன் என்பதும், சுக்கிரதசை இருபது ஆண்டுகள் என்பதும், ஏழாமிடம் திருமணத்தைக் குறிக்கும் என்பதும் எவ்வாறு அறியப்பட்டன? முன்னோர் பன்னெடுங்காலம் வானையும் மாந்தர் வாழ்வையும் ஒப்புநோக்கிக் கண்ட முடிபுகளா இவை, அன்றி வேறு வழியில் தோன்றியவையா? இது வரலாற்றின் துணைகொண்டு விடைகாணத்தக்க வினாவாகும். அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வேதத்தின் ஆறு அங்கங்களுள் ஒன்றாகச் சோதிடம் கூறப்படுதலின், இன்று வழங்கும் சாதகமுறை வேதகாலத்தது என்ற எண்ணம் பரவலாக நிலவுகின்றது. இலகதர் இயற்றியதாகக் கூறப்படும் வேதாங்க சோதிடம் இன்றும் நமக்குக் கிடைக்கின்றது. இருக்குவேத மரபில் 36 சுலோகங்களும் யசுர்வேத மரபில் 43 சுலோகங்களும் கொண்ட சிறுநூல் அது. ஐந்து ஆண்டுகளை ஒரு யுகமாகக் கொண்டு, அதில் 1830 நாட்களும் 62 சந்திரமாதங்களும் அடங்கும் என அது கணிக்கின்றது. வேள்விக்குரிய காலத்தை வரையறுத்தலே அதன் பணி. 27 நட்சத்திரங்கள் அதிற் பேசப்படுகின்றன. ஆனால் ஒருவர் பிறந்த கணத்தின் கிரகநிலைகொண்டு அவர் வாழ்வைக் கூறும் முறை அதில் இல்லை. இலக்கினம் இல்லை, பன்னிரு பாவங்கள் இல்லை, கிழமைகள் இல்லை. எனவே வேதாங்கம் என்ற பெயர் ஒன்றாயினும், அப்பெயராற் குறிக்கப்பட்ட பொருள் இடையில் மாறிற்று என்பது தெளிவு.

அம்மாற்றம் எங்கிருந்து வந்தது? வான்வீதியைச் சமமான பன்னிரு இராசிகளாகப் பகுக்கும் முறை கி.மு. 5ஆம் நூற்றாண்டளவில் பாபிலோனியாவில் உருவாயிற்று. நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய பிறப்புச் சாதகங்கள் கி.மு. 410ஆம் ஆண்டைச் சேர்ந்த பாபிலோனியக் களிமண் ஏடுகளிற் காணப்படுவனவாகும். இம்மரபு கிரேக்கர் ஆட்சிக்குட்பட்ட எகிப்தை அடைந்தபோது, கீழ்வானில் உதயமாகும் இராசியை முதலாகக் கொண்டு பன்னிரு பாவங்களை வகுக்கும் முறை அதனோடு இணைந்தது. பிற்கால இந்தியச் சாதக நூல்களிற் காணப்படும் கட்டமைப்பு இதுவே.

இத்தொடர்புக்குச் சான்று கூறுவன சோதிடத்தின் கலைச்சொற்களேயாகும். 1, 4, 7, 10ஆம் இடங்களைக் குறிக்கும் கேந்திரம் என்பது கிரேக்கத்தின் 'கெந்திரொன்'. அவற்றை அடுத்த இடங்களைக் குறிக்கும் பணபரம் 'எபனபொரா'; ஆபோக்லிமம் 'அபோக்லிமா'. ஏழாமிடத்துக்கு வழங்கும் சாமித்திரம் என்பது விட்டம் எனப் பொருள்படும் 'தியாமெத்திரொஸ்'. இலக்கினத்துக்கு நேரெதிரே இருப்பதனால் வந்த பெயர் அது. கிரேக்கச் சோதிடரும் அவ்விடத்தைத் திருமணத்துக்கே உரியதாக்கினர். கி.பி. 6ஆம் நூற்றாண்டினரான வராகமிகிரர் தமது பிருகத்சாதகத்தில் மேடம், இடபம், மிதுனம் ஆகியவற்றுக்குக் கிரியம், தாவுரி, சிதுமம் என்னும் பெயர்களையும் தருகின்றார்; இவை 'கிரியொஸ்', 'தௌரொஸ்', 'திதிமொய்' என்பவற்றின் திரிபுகளாம். அவர் இதனை மறைக்கவும் இல்லை. யவனர் மிலேச்சராயினும் இச்சாத்திரம் அவரிடம் நிலைபெற்றுள்ளமையால் இருடிகளைப்போல் மதிக்கப்படுகின்றனர் எனப் பிருகத்சங்கிதையிற் குறிப்பிடுகின்றார். நம் தமிழிலும் இப்பிரச்சினையின் சாயல் உண்டு. தொல்காப்பியத்தில் வரும் 'ஓரை' என்ற சொல்லைக் கிரேக்க 'ஹோரா' எனக் கொண்டு அந்நூலின் காலத்தை எஸ். வையாபுரிப்பிள்ளை ஆராய்ந்தமையும், அது தமிழ்ச்சொல்லே எனப் பிறர் மறுத்தமையும் மாணவர் அறிந்தனவே.

பூர்விக யவன நூலொன்றைத் தழுவியெழுந்த வடமொழி நூலாக யவனசாதகம் கருதப்படுகின்றது. அதனை 1978இற் பதிப்பித்த டேவிட் பிங்கிரி, மூலம் கி.பி. 149/150இல் மொழிபெயர்க்கப்பட்டது என்றும், கி.பி. 269/270இல் இப்போதுள்ள செய்யுள்வடிவம் பெற்றது என்றும் முடிவு செய்தார். நேபாளத்துப் பிறிதொரு சுவடியை ஆராய்ந்த பில் மாக், அவ்வாண்டுகள் திருத்தப்பட்ட பாடங்களிலிருந்து பெறப்பட்டவை எனக் காட்டியதனால், 2013 முதல் அக்காலவரையறை ஐயத்துக்கு இடமாயிற்று. காலம் மாறினும் கலைச்சொற்கள் தரும் சான்று மாறுவதில்லை.

கிழமைகளின் வரிசையும் இவ்வகையில் நோக்கத்தக்கது. பூமியை நடுவாகக் கொண்ட பழைய வானியல், சனி, வியாழன், செவ்வாய், சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன் எனத் தொலைவு குறையும் முறையில் கிரகங்களை அடுக்கிற்று. நாளின் 24 மணிகளையும் இவற்றுக்கு முறையே பங்கிட்டு, முதல் மணிக்குரிய கிரகத்தின் பெயரை நாளுக்கு இட்டனர். 24ஐ ஏழால் வகுக்க மூன்று எஞ்சும். ஆதலின் சனிக்கு அடுத்த நாள் சூரியனுக்கும், அதற்கடுத்தது சந்திரனுக்கும் உரியதாகின்றது. இந்திய மரபோ நாளை 60 நாழிகைகளாகப் பகுப்பது. அக்கணக்கிற் பங்கிட்டிருப்பின் எஞ்சுவது நான்கு. சனிக்கிழமையை அடுத்து வெள்ளிக்கிழமை வந்திருக்கும். அவ்வாறன்றி, 24 மணிக் கணக்கின் விளைவையே நாம் நாள்தோறும் வழங்குகின்றோம். இந்தியாவிற் கிழமை குறித்த தொன்மையான சாசனமாக அறியப்படுவது புதகுப்தன் காலத்து எரண் சாசனமாகும். அதன் காலம் கி.பி. 484.

இனி, முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். சிம்மத்துக்குச் சூரியனும் கர்க்கடகத்துக்குச் சந்திரனும் அதிபதிகளாவர். அவற்றின் இருமருங்கும் புதன், சுக்கிரன், செவ்வாய், வியாழன், சனி என்ற வரிசையில் இவ்விரண்டு இராசிகள் பங்கிடப்படுகின்றன. ஈற்றில் மகரமும் கும்பமும் சனிக்கு உரியனவாகின்றன. இதன் காரணத்தைக் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தொலமி தமது சோதிட நூலில் விளக்குகின்றார். கர்க்கடகமும் சிம்மமும் உச்சிவானை அண்மி, கோடை வெப்பத்தைத் தருவன; எனவே பேரொளி தரும் இருவர்க்கும் அவை உரியவை. வெப்பத்தினின்று மிகத் தொலைவிலுள்ள குளிர்ந்த சனிக்கு எதிர்ப்புறத்து மாரிக்கால இராசிகள் உரியவை. இங்கு மாந்தரின் பிறப்பையும் வாழ்வையும் தொகுத்து ஒப்பிட்ட ஆராய்ச்சி எதுவும் இல்லை. வடபுலத்துப் பருவங்களையும் கிரக வரிசையையும் பொருத்திய அழகிய உவமையே அடிப்படையாக அமைகின்றது.

அவ்வுவமையும் நம்மிடம் நிலைக்கவில்லை. சூரியன் வடக்குநோக்கித் திரும்புவது மகரத்தின் தொடக்கத்தில் என்பது வராகமிகிரர் காலத்து நிலை. இன்று அத்திருப்பம் திசெம்பர் 21 அல்லது 22இல் நிகழ்கின்றது; நாம் மகரசங்கிராந்தியாகிய தைப்பொங்கலைச் சனவரி நடுவிற் கொண்டாடுகின்றோம். பூமியின் அச்சு மெல்லத் திசைமாறுவதால் நேர்ந்த இவ்விடைவெளியே அயனாம்சம் எனப்படுவது. அது இன்று ஏறத்தாழ 24 பாகை. மேலைநாட்டுச் சோதிடர் பருவத்தொடு இராசியைப் பிணைத்தனர். இந்தியச் சோதிடர் விண்மீன்களொடு பிணைத்தனர். ஆகவே ஒரே குழந்தையின் சூரியன் அங்கு சிம்மத்திலும் இங்கு கர்க்கடகத்திலும் இருத்தல் கூடும். எனினும் இருசாராரும் சிம்மத்துக்கு ஒரே அதிபதியையே கூறுகின்றனர். பருவத்தாற் பெறப்பட்ட விதி, பருவத்தை விட்டகன்ற பின்னும் விதியாகவே நிற்கின்றது; காரணம் மட்டும் கழன்றுவிட்டது. இந்தியாவினுள்ளும் அயனாம்சம் பற்றி உடன்பாடில்லை. மேகநாத சாகாவின் தலைமையில் 1952இல் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு ஒன்றை வரையறுத்தது, பி. வி. இராமன் கொண்ட அளவு அதனின்றும் ஒரு பாகைக்கு மேல் வேறுபடுவது. எல்லையில் நிற்கும் கிரகம் இதனால் இராசி மாறிவிடும்.

இந்தியர் வெறுமனே இரவல் பெற்றனர் என்பதும் பொருந்தாது. நட்சத்திரமுறை அவர்களுக்கு முன்னரே உரியது. இராகு கேதுக்களைக் கிரகங்களாகச் சேர்த்தமையும், நட்சத்திரங்கொண்டு தசை கணித்தலும் அவர்தம் ஆக்கங்களாம். ஆயினும் அங்கும் அதே வினா எழுகின்றது. விம்சோத்தரி தசையில் கேது 7, சுக்கிரன் 20, சூரியன் 6, சந்திரன் 10, செவ்வாய் 7, இராகு 18, வியாழன் 16, சனி 19, புதன் 17 என ஆண்டுகள் கூட்டி 120 ஆகின்றன. எத்தனை பேரின் வாழ்வை ஆராய்ந்து இவ்வெண்கள் பெறப்பட்டன என்பதை நூல்கள் கூறுவதில்லை. விதி உண்டு, அது கண்டறியப்பட்ட வழி இல்லை.

இவ்வாறு ஐயுறுதல் மேனாட்டார் நமக்குக் கற்பித்த பழக்கமன்று. நட்சத்திரத்தையே மிகுதியாக ஆராயும் பேதையை விட்டுச் செல்வம் நீங்கும் என்ற கருத்து கௌடிலியரின் அர்த்தசாத்திரத்தில் உண்டு. பௌத்த திரிபிடகத்தின் பிரமசால சூத்திரம், கிரகங்களும் விண்மீன்களும் கொண்டு பலன் கூறிப் பிழைத்தலைத் துறவியர்க்காகாத இழிந்த வித்தைகளுள் வைத்து எண்ணுகின்றது. கிரகணம் நிழலால் நிகழ்வது என ஆரியபடர் கி.பி. 499இல் எழுதினார், சோதிடரான வராகமிகிரரும் அதனை ஏற்றார்.

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. 2001இல் இந்தியாவின் பல்கலைக்கழக மானியக்குழு சோதிடத்தைப் பல்கலைக்கழகப் பாடமாக்க முற்பட்டபோது அறிவியலாளர் வழக்குத் தொடுத்தனர். 2004இல் உச்சநீதிமன்றம் அதனைத் தள்ளுபடி செய்தது. 2008இல் வானியற்பியலாளர் சயந்த் நார்லிகரும் பிறரும் மகாராட்டிரத்திற் சோதனையொன்றை நடத்தினர். கல்வியிற் சிறந்த சிறுவர்தம் சாதகங்களையும் மனவளர்ச்சி குன்றியோர் சாதகங்களையும் கலந்து கொடுத்து வேறுபிரிக்கச் சொன்னபோது, பங்குபற்றிய 27 சோதிடர்கள் சராசரி 46 விழுக்காடே சரியாகக் கூறினர். நாணயத்தைச் சுண்டிக் கூறினும் 50 விழுக்காடு கிட்டும். நம் நாட்டிலோ செவ்வாய்க் குற்றத்தின் பெயரால் மணங்கள் தவிர்க்கப்படுகின்றன. குற்றம் சாட்டப்படும் பெண்ணுக்கு, அச்சாட்டின் ஆதாரத்தைக் கேட்கும் உரிமையேனும் இருத்தல் வேண்டும்.

சோதிடத்தை ஆராயாது ஒதுக்குதலும் அறிவுடைமையாகாது. ஈழத்திற் கிடைக்கும் தமிழ்நூல்களுள் காலத்தால் முந்தியதாகக் கருதப்படும் சரசோதிமாலை, தம்பதெனிய அரசவையில் 1310இல் அரங்கேறிய சோதிட நூலேயாகும். யாழ்ப்பாண அரசர் காலத்துச் செகராசசேகரமாலையும் அத்தகையதே. பாபிலோனியரின் களிமண் ஏடு முதல் இப்பனையேடுகள் ஈறாக நீளும் அறிவுப் பரிமாற்றம் மானிட வரலாற்றின் சிறந்த பகுதிகளுள் ஒன்று. அதனை வரலாறாகக் கற்றல் பல்கலைக்கழகத்தின் கடமை. அதனைக்கொண்டு ஒருவர் வாழ்வைத் தீர்மானிக்க முனைவோரிடம், இது எவ்வாறு அறியப்பட்டது எனக் கேட்பதும் அக்கடமையின் பாற்பட்டதேயாகும்.