இரண்டாமவருக்குக் கிடைத்த உபகாரச் சம்பளம்



அயல்நாடு சென்று பௌதிகம் பயில விழைந்து என்னிடம் வந்தோர் முதலில் வினவியது, "இடம் கிடைக்குமா?" என்பதே. "உணவுக்கும் உறையுளுக்கும் யார் தருவார்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். பன்னிரண்டு மக்கள் பிறந்த குடும்பத்தில் வளர்ந்த நியூஸிலாந்து இளைஞர் எர்னஸ்ட் ரூதர்போர்டும் இக்கேள்வியைக் கடந்தே கேம்பிரிட்ஜ் சேர்ந்தார்.

1851-இல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் சுமார் 1,86,000 பவுன் லாபம் மிஞ்சிற்று. அதை நிர்வகித்த குழுவினர், 1891 முதல் ஆராய்ச்சி மாணவர்க்கு ஆண்டுக்கு 150 பவுன் உபகாரச் சம்பளம் வழங்கலாயினர். குடியேற்ற நாட்டவர்க்கும் அதில் பங்கு உண்டு. வாணிபக் காட்சியின் லாபம் கல்விக்குப் பயன்பட்டது எனக்கு இன்றும் வியப்பே.

நியூஸிலாந்தில் போட்டியிட்டவர் இருவர். தேர்வு பெற்றவரோ ரூதர்போர்டு அல்லர். பொன்னைச் சயனைடு கரைசலில் கரைப்பது பற்றி ஆராய்ந்த மக்லாரின் என்பார். அவர் மணமானவர், தாய்நாட்டிலேயே அரசாங்கப் பணியும் கிடைத்தமையால் மறுத்துவிட்டார். அவ்விடம் ரூதர்போர்டுக்கு வந்தது. செய்தி வந்தபோது அவர் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார் என்றொரு கதை வழங்குகிறது, அது கிடக்கட்டும்.

பணம் மட்டும் போதாது. பிற பல்கலைக்கழகப் பட்டதாரிகள் முதலாண்டிலிருந்து தொடங்காமல் நேரே ஆராய்ச்சியில் சேரலாம் என்று கேம்பிரிட்ஜ் விதியைத் திருத்தியது 1895-இல்தான். அவ்வாண்டே ரூதர்போர்டு அங்கே சேர்ந்தார். கிறைஸ்ட்சர்ச் நகரக் கல்லூரியில் தாமே ஆக்கிய காந்த உணர்கருவியைத் தொடர்ந்து செம்மைப்படுத்தினார். 1896-இல் அது சுமார் அரை மைலுக்கு அப்பாலிருந்து வந்த மின்காந்த அலைகளை உணர்ந்தது. இப்பேச்சை உங்களிடம் சேர்ப்பனவும் அவ்வினத்து அலைகளே.